வருது, வரலாம்

நான் பழைய வண்டித் தரகன். மூன்று நாள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த வண்டியை, மூழ்கியது என்று சொல்லியே ஒரு வாரத்தில் விற்றவன். வாங்கியவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்திப் பேசிவிட்டுத்தான் போகிறார். அப்படிப்பட்ட எனக்கு ஒரே ஒரு வண்டி ஏழு மாதம் தண்ணி காட்டியது.

சாதாரண வண்டி இல்லை அது. ஐம்பது வயதைத் தாண்டியது, கடல் தாண்டியும் வந்தது. வெளிர் பச்சை நிறம், நீண்ட மூக்கு, இரண்டே கதவு, இடது பக்கம் ஸ்டியரிங். எங்கே நிறுத்தினாலும் கூட்டம் கூடும். தடவிப் பார்ப்பார்கள், சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள், சின்ன வயதில் இதே போல ஒன்றைக் காலண்டரில் பார்த்ததாகச் சொல்வார்கள். வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் வீட்டில் வேலை வந்துவிடும்.

காரணம் இல்லாமல் இல்லை. இங்கே வண்டிகள் சாலையின் இடது பாதியில் போகின்றன. ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்கார்ந்தால்தான் நடுச்சாலை தெரியும். இந்த வண்டியில் உட்கார்ந்தால் ஓரத்துச் சாக்கடைதான் நன்றாகத் தெரியும். சுங்கச் சாவடியில் ஜன்னல் ஒரு பக்கம், நம் கை இன்னொரு பக்கம். முன்விளக்கைத் தாழ்த்திப் போட்டால் வெளிச்சம் நேராக எதிரே வருகிறவன் கண்ணில் போய் விழும், அவன் நம் பரம்பரையையே இழுப்பான். ஒரு கண்ணாடி உடைந்தால் மாற்றுக் கண்ணாடி கப்பலில் வரவேண்டும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போனால்தான் விவகாரம். அதை முந்த வேண்டும் என்றால் எதிரே என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் அதைப் பார்க்க முக்கால் வண்டியை எதிர்ப்பக்கத்தில் நீட்டியாக வேண்டும். பார்ப்பதற்குள் பார்க்க வேண்டியது வந்து சேர்ந்துவிடும்.

ஆகவே அந்த வண்டிக்கு இரண்டு பேர் வேண்டும். இடது பக்கம் ஓட்ட ஒருவர், வலது பக்கம் சொல்ல ஒருவர். பத்தொன்பது வருஷம் வலது பக்கம் உட்கார்ந்து சொன்ன அக்காவைப் பற்றித்தான் எழுத வந்தேன். வண்டியின் குறைகளைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது.

அக்கா அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். அவர் கணவர் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் பதினோரு வருஷம் கிரேன் ஓட்டினார். எல்லோரும் டி.வி., பிரிட்ஜ் என்று கொண்டு வருகிற காலத்தில் அவர் இந்த வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். மருத்துவமனைக் குடியிருப்பில், அக்காவுக்குக் கொடுத்த வீட்டு வாசலில் அது வந்து நின்ற அன்றே தெரு பெயர் வைத்துவிட்டது. இடது பக்கம் உட்காருவதால் அவர் இடதுசாரி. வலது பக்கம் உட்கார்ந்து, வேண்டாம் வேண்டாம் என்று தடுத்துக்கொண்டே வருவதால் அக்கா எதிர்க்கட்சி. "இடதுசாரியும் எதிர்க்கட்சியும் கூட்டணி போட்டுக் கிளம்பிட்டாங்கப்பா" என்று டீக்கடையில் முதலில் சொன்னது யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

கூட்டணி என்றாலும் வீட்டுக்குள் இருவரும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. பதினோரு வருஷம் கடிதத்திலும் தொலைபேசியிலும் குடும்பம் நடத்தியவர்கள். நேரில் வந்த பிறகு என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. பிள்ளை இல்லை. சாப்பாட்டு மேஜையில் அவர் செய்தித்தாள் பார்ப்பார், அக்கா ஜன்னலைப் பார்ப்பார். காலை எட்டு மணியிலிருந்து "மூச்சை இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க, விடலாம்" என்று நூறு பேரிடம் சொல்லிவிட்டு வருகிறவருக்கு வீட்டில் வேறு பேச வேண்டுமா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வண்டியில் ஏறினால் அக்கா பேசுவார். இரண்டே சொல்தான். எதிரே வண்டி வந்தால் "வருது." சாலை காலியாக இருந்தால் "வரலாம்." இந்த இரண்டாவது சொல் எக்ஸ்ரே அறையிலிருந்து வந்தது. கதவைத் திறந்து, "அடுத்தவங்க வரலாம்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு நாக்கில் படிந்த சொல். புருஷனைப் பார்த்து "போ" என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. வீட்டை விட்டுக் கிளம்புகிறவரையே போயிட்டு வாங்க என்று சொல்லிப் பழகிய வாய் அது. அதனால் லாரியை முந்துவதற்கும் வரலாம்தான்.

ஒருமுறை பின் இருக்கையில் நானும் போனேன். முன்னால் ஒரு டிராக்டர் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் வலது பக்கமாக எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு ஈ காக்கா இல்லை.

"போலாம் அண்ணே, காலியாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இன்னொரு முறை சொன்னேன். டிராக்டரின் புகையைக் குடித்துக்கொண்டே பின்னால் போனார். அக்கா கைப்பையில் எதையோ தேடி முடித்து, நிமிர்ந்து பார்த்து, "வரலாம்" என்றார். அடுத்த நொடி வண்டி டிராக்டரைத் தாண்டியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. "ஏண்ணே, நான் சொன்னா நம்ப மாட்டீங்களா?"

"கோவிச்சுக்காதய்யா. கிரேன்ல ஒரு சட்டம் இருக்கு" என்றார். "எழுபதடி ஒசரத்துல உக்காந்திருக்கவனுக்குக் கீழ என்ன நடக்குதுன்னு தெரியாது. நிறுத்துன்னு யார் கை காட்டினாலும் நிறுத்தணும், வழியில போறவன் காட்டினாலும் சரி. ஆனா தூக்குன்னு ஒருத்தர்தான் காட்டணும். ரெண்டு பேர் பேச்சைக் கேட்டா எவனாவது செத்துருவான்."

"அப்ப உங்க ஆளு அக்காதானா?"

"பின்ன?" என்றார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் காது சிவந்திருந்தது.

அக்காவுக்கு அந்த இருக்கை பிடிக்காது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "ஊர் உலகத்துல பொம்பளைங்க வண்டியில ஏறினா தூங்குறாங்க. எனக்கு மட்டும் வழியெல்லாம் காவல் வேலை. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் மாத்தித் தொலைங்களேன்" என்று வருஷத்துக்கு நாலு முறையாவது சொல்வார். ஒருமுறை என் முன்னாலேயே சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். தொழில் தெரிந்தவன் என்ற திமிரில், "மாத்தவே கூடாதுக்கா. மாத்திட்டா இது வெறும் பழைய இரும்பு. மதிப்பே போயிடும்" என்று அடித்துச் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். அத்தோடு பேச்சு முடிந்தது.

போன வருஷம் அண்ணன் இறந்துபோனார். நெஞ்சுவலி. ஊருக்கு வெளியே மெக்கானிக்கின் பட்டறைக்குத் தனியாகப் போனவர், அங்கிருந்து மருத்துவமனைக்கு வரும் வழியில் வண்டியிலேயே போய்விட்டார் என்றார்கள். அக்கா அப்போது வேலையில் இருந்தார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டார். "எனக்கு ரிட்டயர்மென்ட் வருது தம்பி. வீட்டைக் காலி பண்ணணும். தங்கச்சி வீட்டுக்குப் போறேன். மூணாவது மாடி, கீழ சைக்கிள் நிறுத்தக்கூட எடம் கெடையாது. அதுக்குள்ள வண்டியை ஒருத்தர் கையில ஒப்படைச்சிடணும்."

"என்ன வெலை எதிர்பார்க்கிறீங்க?"

"அது நீங்க பாத்துக்குங்க. ஒண்ணே ஒண்ணுதான். தனியா ஓட்டுறவங்களுக்குக் குடுக்கக் கூடாது. வலது பக்கம் யார் உக்காருவாங்கன்னு நான் கேட்பேன். அதுக்குப் பதில் இருக்கணும்."

இது என்ன பெரிய விஷயம், யாரோ ஒருவர் உட்காரப் போகிறார் என்று நான் நினைத்துவிட்டேன்.

முதலில் வந்தவர் ஜவுளிக்கடை முதலாளி. ஓட்டிப் பார்க்கப் போனோம். அக்கா வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார், நான் பின்னால். முன்னே ஒரு மணல் லாரி. அக்கா எட்டிப் பார்த்து, அழுத்தம் திருத்தமாக, "வரலாம்" என்றார். முதலாளி உடனே பிரேக்கில் ஏறி நின்றார். பின்னால் வந்த பேருந்து கிறீச்சிட்டுக்கொண்டு எங்கள் முதுகுக்கு ஒரு முழத்தில் நின்றது.

"ஏங்க நிறுத்தினீங்க?" என்று கத்தினேன்.

"அவங்கதானேய்யா வரலாம்னு சொன்னாங்க? எதிர்ல எதாவது வந்தாலும் வரலாம்னு நெனச்சேன்!" முதலாளி வேர்த்து விறுவிறுத்துப் போனார். இறங்கி ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போய்விட்டார். சாவியைக்கூட என்னிடம் தரவில்லை, வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அடுத்து ஒரு வங்கி மேலாளர். தங்கமான மனிதர், வண்டியின் வருஷம் மாடல் எல்லாம் விரல் நுனியில். அக்கா கேள்வியைக் கேட்டார். "என் வைஃப் உக்காருவாங்கம்மா" என்றார் அவர் பெருமையாக. அக்கா, அப்படியானால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்றார். மேலாளர் போனை ஸ்பீக்கரில் போட்டார். "அந்த டப்பாவுலயா? எனக்கென்ன தலையெழுத்து?" என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது. மேலாளர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மூன்றாவதாக வந்தவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். வண்டியைப் பின்னணிக்கு நிறுத்திப் படம் எடுக்கத்தான் கேட்டார். எனக்குப் பரம திருப்தி. ஓட்டவே போவதில்லையே!

"எடத்துக்கு எடம் எப்படிக் கொண்டு போவீங்க?" என்றார் அக்கா.

"நான்தான் ஓட்டிட்டுப் போவேன்."

"தனியாவா?"

"ஆமா."

"வேண்டாம் தம்பி" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஸ்டுடியோக்காரர் போன பிறகு என்னால் கோபத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டியாகிவிட்டது. சுவரில் படங்கள் இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டங்கள் தெரிந்தன. மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. "அக்கா, உங்களுக்கு விக்க மனசு இருக்கா, இல்லையா? இல்லேன்னா சொல்லிடுங்க, நான் என் பொழப்பைப் பார்க்கிறேன்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அக்கா கோபப்படவில்லை. மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"அவர் போய் ரெண்டு வாரம் கழிச்சு நான் டூட்டிக்குப் போனேன். அடுத்தவங்க வரலாம்னு கூப்பிட்டேன். ஒருத்தர் உள்ள வந்தாரு. சீட்டு எங்கன்னு கேட்டேன். 'நான் படம் எடுக்க வரலைம்மா, நான் லாரி ஓட்டுறவன்'னாரு."

அன்றைக்கு அண்ணனின் வண்டிக்கு முன்னால் போன செங்கல் லாரியின் டிரைவர் அவர். இரண்டு வண்டி மட்டுமே போகிற சாலை, லாரி ஒதுங்குகிற அளவுக்கு ஓரம் கிடையாது. பாரம் ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் பச்சை வண்டி ஒட்டிக்கொண்டே வருவதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். எதிரே காலியாக இருந்தபோதெல்லாம் கையை வெளியே நீட்டி, போ போ என்று காட்டியிருக்கிறார். ஒருமுறை இருமுறை இல்லை, எட்டு கிலோமீட்டருக்கு. பச்சை வண்டி முந்தவே இல்லை. கடைசியில் அது மெல்ல ஓரமாகப் போய் நின்றதைக் கண்ணாடியில் பார்த்து, இவர் லாரியை நிறுத்திவிட்டு ஓடியிருக்கிறார். அவர்தான் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்திருக்கிறார்.

"'ஏம்மா, என் கையை அவர் பார்க்கலையா?'ன்னு கேட்டாரு. அதைக் கேட்கத்தான் வந்திருந்தாரு, பாவம். பார்த்திருப்பாரு தம்பி. ஆனா அந்த ஆள் கையைக் காட்டினா இவர் எப்படிப் போவாரு? தூக்குன்னு சொல்ல ஒருத்தர்தானே. அந்த ஒருத்தி இங்க எவனுக்கோ மூச்சைப் பிடிங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தா." அக்கா மூட்டையின் முடிச்சைத் தடவிக்கொண்டே இருந்தார். "பதினஞ்சு நிமிஷம் முன்னால வந்திருந்தா பொழச்சிருப்பாருன்னு எங்க டாக்டரே சொன்னாரு. இன்னொருத்தர் அந்த வண்டியில தனியா மாட்டிக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேட்கிறது."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மாற்றக் கூடாது என்று அன்றைக்கு அடித்துச் சொன்ன நாக்கு. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கவும் தைரியம் வரவில்லை. அக்காவும் அதை ஞாபகப்படுத்தவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

நான்கு நாள் கழித்து மெக்கானிக் வந்தார். அண்ணன் கடைசியாகப் போன பட்டறைக்காரர். அறுபது வயது இருக்கும், சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர். வாசலிலேயே நின்றார்.

"அக்கா, வண்டியை நான் எடுத்துக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். ஸ்டியரிங்கை வலது பக்கம் மாத்திடுவேன். தோதா ஒரு ஸ்டியரிங் பெட்டி பழைய வண்டியில இருந்து கெடச்சிருக்கு. அனுமதிக்கும் விசாரிச்சிட்டேன்."

பழைய வண்டி வெறியர்கள் கேட்டால் அடிக்க வருவார்கள். எனக்கே பழக்க தோஷத்தில் மதிப்பு என்று வாய் திறந்தது, மூடிக்கொண்டேன்.

"அன்னைக்கு என் பட்டறையில நெஞ்சைத் தேச்சுக்கிட்டே நின்னாரு" என்றார் மெக்கானிக். "கூட வரேன்னேன். 'வேண்டாம்பா, வாயுவா இருக்கும், வழியிலதானே ஆஸ்பத்திரி, அப்படியே அவளையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடறேன்'னாரு. நான் விட்டுட்டேன். எனக்குத் தூக்கம் இல்லைக்கா."

அக்கா அவரை உட்காரச் சொன்னார். பிறகு, "அவர் இருக்கும்போதே மாத்தச் சொல்லி எத்தனை தடவை கெஞ்சினேன். மதிப்பு போயிடும்னு சொல்லியே கேட்கலை" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் தயங்கினார். "மதிப்பெல்லாம் இல்லைக்கா. நானே ரெண்டு தடவை கேட்டேன், காசு வேண்டாம்ணே, மாத்தித் தரேன்னு. என்கிட்ட வேற சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"'வீட்டுல அவ பேசவே மாட்டா. வண்டியில ஏறினாத்தான் ரெண்டு வார்த்தை பேசுறா. ஸ்டியரிங்கை மாத்திட்டா அதுவும் போயிடும்பா'ன்னாரு."

பின்கட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா எழுந்து போய் அதை மூடினார். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"இதை என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல" என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல். "பேசியிருப்பேனே."

ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து மெக்கானிக்கின் கையில் கொடுத்தார். "மாத்திடுங்க அண்ணே. அவருக்குச் சொல்ல நான் இருந்தேன். ஊர்ல போற எல்லாருக்கும் நான் உக்காந்து சொல்ல முடியாது. ஆனா இன்னைக்குத் தனியா எடுத்துட்டுப் போகாதீங்க. இந்தத் தம்பி வலது பக்கம் வருவாரு."

என்னைக் கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

மெக்கானிக் வண்டியைக் கிளப்பினார். நான் அக்காவின் இடத்தில் உட்கார்ந்தேன். இருக்கை ஒரு பக்கமாக, கதவோரமாக அமுங்கியிருந்தது. பத்தொன்பது வருஷம் எட்டி எட்டிப் பார்த்ததில் அப்படி ஆகியிருந்தது. வண்டியின் மூக்கு வாசல் கேட்டைத் தாண்டி நின்றது. பெரிய சாலை அங்கேதான் ஆரம்பம். அக்கா எங்களுக்கு முன்னால் நடந்து போய், சாலை விளிம்பில் நின்று, வலது பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வருது" என்றார். ஒரு பேருந்து போனது.

"வருது." இரண்டு பைக்குகள் போயின.

"வருது."

நான் எட்டிப் பார்த்தேன். சாலை காலி. வளைவு வரைக்கும் ஒன்றும் இல்லை. அக்கா அந்தக் காலிச் சாலையைப் பார்த்துக்கொண்டு, நிறுத்து என்று காட்டுவது போல ஒரு கையை எங்கள் பக்கம் நீட்டி நின்றார். மெக்கானிக் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அக்கா கையை இறக்கினார்.

"வரலாம்" என்றார்.